போற்றுதல் என்னும் சொல்லின் இரண்டாம் பொருள்

‘போற்றுதல்’ என்னும் சொல்லுக்குத் தமிழிலே பொருள் ஒன்றன்று. புகழ்தல் என்பது ஒன்று. பாதுகாத்தல் என்பது மற்றொன்று. நம்முடைய விழா மேடைகளிலே முதலாவது பொருள் நன்கு விளங்குகின்றது. இளைப்பாறும் ஆசிரியர் ஒருவருக்குச் சேவைநலன் பாராட்டு விழா எடுக்கின்றோம். பொன்னாடை போர்த்துகின்றோம், மாலை சூட்டுகின்றோம். பண்டிதர் ஒருவர் எழுந்து வாழ்த்துப்பா வாசிக்கின்றார். அப்பாவிலே விழாத் தலைவர் மேருவாகின்றார், பாற்கடலாகின்றார், கற்பகதருவுமாகின்றார். வாழ்த்துமடல் கண்ணாடிச் சட்டத்துள் அடங்கி அவர் வீட்டுச் சுவரிலே தொங்குகின்றது. சொல்லின் இரண்டாம் பொருளைப்பற்றி அன்று மேடையிலே பேசுவார் அரியர். அவர் செய்த தொண்டிலே பாதுகாக்கத்தக்கது எது, அதனைப் பாதுகாக்கப் போகின்றவர் யார் என்னும் வினா எழாமலே கூட்டம் கலைந்துவிடுகின்றது.

இவ்வினாவை ஆராய்வதற்கு நமக்குச் சேய்மையிலுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வது நன்று. அண்மையிலுள்ளாரை எடுத்தால் விருப்பும் வெறுப்பும் குறுக்கிடும். ஆதலின், அமெரிக்க நாட்டிலே ஒரே சபைக்கு 61 ஆண்டுகள் தொண்டாற்றி இளைப்பாறிய யூத ரபி ஒருவரை இங்கே எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் ஹென்றி கோஹன். அவரைப் போற்றுதல் என்றால் என்ன என்பதை அறிந்துகொண்டால், நம்மிடையே இளைப்பாறுவோரைப் போற்றும் வகையும் ஒருவாறு புலனாகும்.

ரபி என்பவர் யார்?

விவிலியத்தைத் தமிழிற் படித்தோர் ‘ரபீ’ என்னும் விளியை அறிவர். எபிரேய மொழியிலே ‘ரப்’ என்பது பெரியோன், தலைவன் எனப் பொருள்படும். ‘ரபி’ என்றால் ‘என் தலைவர்’, ‘என் ஆசான்’ என்பது கருத்து. நம்மவருட் பலர் ரபியை யூதர்களுடைய பூசகர் என்று எண்ணுவர். அது பொருந்தாது. எருசலேமிலிருந்த திருக்கோயிலிலே பலியிடுதலும் பூசனை புரிதலும் ‘கோஹன்’ எனப்பட்ட குருகுலத்தார்க்கு உரியனவாயிருந்தன. கி. பி. 70 ஆம் ஆண்டிலே உரோமர் அக்கோயிலை அழித்தனர். பலிபீடம் போயிற்று, பூசனையும் நின்றது. எஞ்சியது நூல். அதன்பின் நாடிழந்து பல தேசங்களிற் சிதறிய அந்தச் சமூகத்தைக் கட்டிக் காத்தவர்கள் நூலைக் கற்றோரும் கற்பித்தோருமே ஆவர். அவர்களே ரபிகள்.

செபாலயத்திலே கூட்டு வழிபாடு நிகழ்வதற்கு ரபி ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்னும் விதி இல்லை. பழைய முறைப்படி வயதுவந்த ஆடவர் பதின்மர் கூடினாற் போதும். அங்ஙனமாயின் ரபி எதற்கு? கற்பிப்பதற்கு, ஐயம் அறுப்பதற்கு, பிணக்குத் தீர்ப்பதற்கு, மணவீட்டிலும் பிணவீட்டிலும் உடனிருப்பதற்கு. பழங்கால ரபிகளுட் பலர் கைத்தொழில் செய்து வயிறு வளர்த்தவர்கள். செருப்புத் தைத்து வாழ்ந்த ரபி ஒருவரின் பெயரோடு அத்தொழிற் பெயரும் சேர்ந்தே இன்றுவரை வழங்குகின்றது. பிற்காலத்திலே ரபிக்குச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் வந்தபோது, அது கல்விக்கு விலையன்று, வேறு தொழில் செய்து பொருளீட்ட இயலாமற்போன காலத்துக்கு ஈடே என்று அவர்கள் நியாயங் கூறினர். கல்வியை விற்றல் தகாது என்னும் கொள்கை நம்மவர்க்கும் புதிதன்று.

ஆகவே, ரபி ஒருவர் இளைப்பாறும்போது விடைபெறுகின்றவர் ஓர் ஆசிரியர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அவருடைய மாணாக்கர் ஒரு வகுப்பினர் அல்லர். குழந்தை முதற் கிழவர் ஈறாக ஒரு சபையார் அனைவரும் அவருடைய மாணாக்கர். ஹென்றி கோஹனோ தம் சபைக்கு அப்பால் ஓர் ஊர் முழுவதற்கும் ஆசானாய் விளங்கினார்.

கடல் சூழ்ந்த ஊர்

கோஹன் 1863 ஆம் ஆண்டு இலண்டனிலே பிறந்தவர். அவருடைய குலப்பெயர் பழைய பூசகர் மரபைக் குறிப்பது. அவர் மேற்கொண்டதோ ஆசானுடைய பணி. இலண்டன் யூதக் கல்லூரியிலே பயின்றார். இளமையிலே தென்னாபிரிக்காவிற் சில காலம் தங்கினார். பின்னர் ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரிலும், ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே வுட்வில் என்னும் சிற்றூரிலும் பணிபுரிந்தார். 1888 ஆம் ஆண்டிலே, இருபத்தைந்து வயதினராய், டெக்சாஸ் மாநிலத்துக் கல்வெஸ்டன் நகரிலுள்ள பினே இஸ்ரவேல் சபைக்கு ரபியாக வந்தார். அதன்பின் அவர் வேறு சபைக்குப் போகவில்லை. 1949 ஆம் ஆண்டிலே இளைப்பாறினார். 1952 ஆம் ஆண்டிலே அதே ஊரிற் காலமானார். அவருடைய வாழ்க்கை வரலாறு 1941 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. ‘டெக்சாசிலே தங்கிவிட்ட மனிதர்’ என்று பொருள்படும் தலைப்பை அதற்கு இட்டனர். தங்கிவிடுதல் ஒரு புகழா என்று வினவுவார் இருக்கலாம். அதற்கு விடை அவ்வூரின் வரலாற்றிலே உள்ளது.

கல்வெஸ்டன் மெக்சிக்கோ விரிகுடாவின் ஓரத்திலுள்ள ஒடுங்கிய மணற்றீவு. 1900 ஆம் ஆண்டிலே ஏறக்குறைய 38,000 மக்கள் அங்கே வாழ்ந்தனர். பருத்தி ஏற்றுமதியாற் செழித்த துறைமுகம் அது. அந்நகரின் மிக உயர்ந்த நிலமும் கடல் மட்டத்துக்கு மேல் 9 அடியை எட்டவில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் மாதம் 8 ஆம் நாள் சூறாவளியோடு கடல் 15 அடிக்கு மேல் எழுந்தது. ஓரிரவிலே 6,000 பேருக்குக் குறையாமல் மாண்டனர். அதனினும் பல ஆயிரம் மிகுதி என்று கணக்கிடுவாரும் உளர். 3,600 வீடுகள் அழிந்தன. ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றிலே இயற்கையின் சீற்றத்தாற் பேருயிர்ச் சேதம் நேர்ந்தது அன்றுதான். 2004 ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே நம்முடைய கரைகளிற் கடல் ஏறியதைக் கண்டோருக்கு அவ்வூரின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மறுநாட் காலையிலே ஊரிற் பிணங்களும் இடிபாடுகளுமே எஞ்சின. நகரத் தலைவர்கள் கூடி மத்திய நிவாரணக் குழுவொன்றை அமைத்தனர். அதிலே ரபி கோஹனும் ஓர் உறுப்பினரானார். கத்தோலிக்க குருவாகிய ஜேம்ஸ் கேர்வின் அடிகளாரும் அந்நாட்களில் ஊரை ஒழுங்குசெய்வதிலே முன்னின்றார். செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளாரா பார்ட்டன் அம்மையார் தமது 78 ஆம் வயதிலே அங்கு வந்து உதவினார். உணவு, உடை, மருந்து என்பன பங்கிடப்பட்டபோது, பெறுவோன் எச்சமயத்தான் என்று வினவுவதற்கு அங்கே இடமிருக்கவில்லை. இறந்தோரையும் கடல் அங்ஙனம் வினவவில்லை.

அழிவின்பின் பலர் அவ்வூரைக் கைவிட்டனர். வணிகம் மெல்ல மெல்ல உள்நாட்டு நகரமாகிய ஹூஸ்டனுக்குப் பெயர்ந்தது. தங்கியோர் 1902 ஆம் ஆண்டிலே 17 அடி உயரமான கடற்சுவரைக் கட்டத் தொடங்கினர். அதன் முதற்பகுதி 1904 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. பின்னர் மணலை நிரப்பி நகரத்தின் நிலத்தையே உயர்த்தினர். ரபியும் தங்கினார். முப்பத்தேழு வயதினராகிய கற்றறிந்த ஒருவருக்குப் பெருநகரச் சபைகள் பல கதவு திறந்திருக்கும். நொந்துபோன ஊரிலே ஆசான் ஒருவர் தங்குவது, அவ்வூரார்க்கு ஆயிரம் பிரசங்கங்களினும் பெரிய ஆறுதல். தங்கிவிடுதல் புகழா என்னும் வினாவுக்கு இதுவே விடை.

இறங்குதுறையில் நின்றவர்

அவருடைய பணிகளுள் உலகறிந்தது அடுத்து வந்தது. 1903 ஆம் ஆண்டிலே ருஷியப் பேரரசின் கிஷினேவ் நகரத்தில் யூதர்மீது நிகழ்ந்த படுகொலையும், அதன்பின் தொடர்ந்த வன்செயல்களும் அம்மக்களைப் பெருந்தொகையினராய்க் கப்பலேறச் செய்தன. அவர்களுட் பெரும்பாலார் நியூயோர்க்கில் இறங்கினர். அந்நகரின் கீழைப் பகுதியிலே ஒரே அறையிற் பல குடும்பமாக நெருங்கி வாழ்ந்தனர். ஜேக்கப் ஷிஃப் என்னும் செல்வர், வருவோரை வேறொரு துறைமுகத்தின் வழியாக உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்புதல் நன்று எனக் கருதிப் பெரும்பொருள் உதவினார். அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட துறைமுகம் கல்வெஸ்டன். ஜேர்மனியின் பிரேமன் துறைமுகத்திலிருந்து வந்த முதற்கப்பல் 1907 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1 ஆம் நாள் அங்கே அடைந்தது. 1914 ஆம் ஆண்டு வரை ஏறக்குறைய 10,000 பேர் அவ்வழியாக உள்ளே சென்றனர்.

இத்திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர் ஒருவர். ஐரோப்பாவிலே ஆட்சேர்த்தவர்கள் வேறு சிலர். அலுவலகம் நடத்தியவர்கள் மற்றுஞ் சிலர். இறங்குதுறையிலே நின்றவர் ரபி கோஹன். பல மொழிகளை அறிந்தவராதலின், குடிவரவு அதிகாரிகளுக்கும் வந்தவர்களுக்குமிடையே அவரே மொழிபெயர்த்தார். மூன்று வாரங் கடலிலே அலைக்கப்பட்டு, மூட்டையைத் தோளிற் சுமந்து, அறியாத கரையிலே கால்வைக்கும் ஒருவனுக்குத் தான் அறிந்த மொழியிலே ஒரு குரல் கேட்பது எத்தகைய பேறு! குளிக்க நீரும், உண்ண உணவும், செல்லவேண்டிய ஊருக்குப் புகையிரதச் சீட்டும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. தச்சன் ஓர் ஊருக்கும் தையற்காரன் மற்றோர் ஊருக்குமாக, தொழிலும் தேவையும் பொருந்துமாறு அனுப்பப்பட்டனர்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. கோஹனுடைய சபை சீர்திருத்த நெறியைத் தழுவியது. வந்தவர்களோ யித்திஷ் மொழி பேசிப் பழைய ஆசாரங்களை இம்மியும் வழுவாது காப்பவர்கள். ஒரே சமயத்தவராயினும், உணவு முறையிலும் வழிபாட்டு முறையிலும் இரு திறத்தாருக்கும் இடைவெளி பெரிது. ‘நம்முடைய நெறிக்கு வருக, அதன்பின் உதவுவோம்’ என்று சொல்லும் சமயத் தொண்டு உலகிலே உண்டு. இறங்குதுறையிலே நின்ற அந்த ரபியிடம் அது இருக்கவில்லை. கொள்கை வேறுபாட்டைச் செபாலயத்திலே பேசலாம். பசித்தவனிடம் பேசலாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இனி, உண்மையான பாராட்டு குறைகளையும் மறைத்தலாகாது. அத்திட்டம் எண்ணியபடி முற்றுப்பெறவில்லை. கடற்பயணம் நீண்டது, கப்பல்களின் வசதி போதாது. காலஞ் செல்லச் செல்ல அதிகாரிகள் கெடுபிடி மிகுந்தவராயினர். உடல் வலுவில்லை என்றும், பிறர் உதவியால் வந்தனர் என்றும் காரணங் காட்டிப் பலரைத் திருப்பியனுப்பினர். 1914 ஆம் ஆண்டிலே திட்டம் கைவிடப்பட்டது. 1924 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் கிழக்கைரோப்பிய மக்களுக்கு அமெரிக்காவின் கதவைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. அக்கதவு திறந்திருக்கவேண்டிய காலம் பின்னாளில் வந்தபோது என்ன நேர்ந்தது என்பதை உலகம் அறியும். இறங்குதுறையிலே நிற்கும் ஒருவரால் அந்தத் துறையை மூடுஞ் சட்டத்தைத் தடுக்க இயலவில்லை. தனிமனிதர் தொண்டின் எல்லை இது. இந்த எல்லையைச் சொல்லாது பத்தாயிரம் என்னுந் தொகையை மட்டும் சொல்லிக் கைகொட்டுவோர், அவர் பட்ட துன்பத்திற் பாதியை அறியாதவராவர்.

துவிச்சக்கரவண்டியும் சட்டைக்கையும்

கல்வெஸ்டன் மக்கள் அவரை நினைவுகூரும்போது எண்களைச் சொல்வதில்லை. கருமையான மேலங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் அணிந்து, துவிச்சக்கரவண்டியிலே தெருத்தெருவாகச் சென்ற ஒருவரையே சொல்வர். அன்றைக்குச் செய்யவேண்டியவற்றை அவர் கஞ்சியிட்ட சட்டைக்கையின் விளிம்பிலே எழுதி வைப்பாராம். மருத்துவமனையிற் காணவேண்டிய நோயாளி, வேலை தேடிக் கொடுக்கவேண்டிய இளைஞன், சிறையிலிருந்து வெளிவருபவன் என்றிவ்வாறு அந்தச் சட்டைக்கையிலே ஓர் ஊரின் துன்பம் முழுவதும் அடங்கியிருக்கும். வாழ்த்துப்பாவிலே மேருவும் பாற்கடலும் இடம்பெறும், சட்டைக்கைக்கு இடமில்லை. ஆயினும், அவருடைய தொண்டின் உயிர் அங்கேதான் இருந்தது என்பது எமது துணிபு.

அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கப்பலிலே ஒளிந்து வந்த ஒருவன் கல்வெஸ்டனிலே பிடிபட்டான். திருப்பியனுப்பப்பட்டாற் சொந்த நாட்டிலே அவனுக்கு மரணம் காத்திருந்தது. ரபி வாஷிங்டனுக்குப் புறப்பட்டார். அதிகாரிகள் கையை விரித்தனர். ஜனாதிபதி டாவ்ற் அவர்களையே நேரிற் கண்டார். அவரும் இயலாது எனக் கூறி, யூதர்கள் தம்மவர்க்கு ஒரு துன்பம் வந்தால் இங்ஙனம் ஓடிவந்து உதவுவது வியக்கத்தக்கது என்று ஆறுதலாகச் சொன்னார். அந்த மனிதன் யூதனல்லன், கிரேக்கத் திருச்சபையைச் சேர்ந்த கிறித்தவன் என்றார் ரபி. ஜனாதிபதி திகைத்தார். முன்பின் அறியாத, பிறசமயத்தவன் ஒருவனுக்காகவா இவ்வளவு தொலைவு வந்தீர் என்றார். அவனை விடுவிக்கும் ஆணை பிறந்தது. இந்நிகழ்ச்சி பலர் வாயிற் பயின்று மெருகேறியிருத்தல் கூடும். எனினும், ஓர் ஊரார் தம் ஆசானைப்பற்றி எத்தகைய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்பினர் என்பதே பெரிய சான்று.

1920 ஆம் ஆண்டுகளிலே கு கிளக்ஸ் கிளான் என்னும் முகமூடிச் சங்கத்தார் டெக்சாசில் வலிமை பெற்றனர். கறுப்பின மக்கள், கத்தோலிக்கர், யூதர், புதிதாகக் குடிவந்தோர் ஆகிய அனைவரையும் பகைத்த கூட்டம் அது. கல்வெஸ்டனிலே அக்கூட்டம் தலையெடாவண்ணம் ரபியும் கேர்வின் அடிகளாரும் தோளோடு தோள் நின்று எதிர்த்தனர். சூறாவளி நாளிலே உண்டான நட்பு வேறொரு சூறாவளியிலும் ஊருக்கு அரணாயிற்று. 1927 ஆம் ஆண்டிலே கோஹன் மாநிலச் சிறைச்சாலைச் சபையில் உறுப்பினரானார். முதன்முறை தவறியோரைத் தேர்ந்த குற்றவாளிகளோடு ஒருங்கு அடைத்தலாகாது, கைதிகளுக்கு மருத்துவமும் கைத்தொழிற் பயிற்சியும் வேண்டும் என வற்புறுத்தினார். இத்தனைக்கும் நடுவே டெக்சாஸ் யூதர்களின் பழைய வரலாற்றை ஆராய்ந்து 1894 ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டவரும் அவரே. தொண்டு மிகுந்தவர்க்கு நூல் படிக்க நேரமில்லை என்று சொல்வோர் இதனை நோக்குக.

ஒரு தடையும் விடையும்

இங்கே ஒரு தடை எழும். சபையாருடைய சம்பளத்தைப் பெறுபவர் ஊராருக்கு உழைத்தல் முறையாகுமா? தம் மந்தையை விட்டு அயல் மந்தையை மேய்ப்பது கடமை தவறுதல் ஆகாதா? இதனைப் பொறாமையாற் பிறந்த வினா என்று தள்ளிவிடுதல் கூடாது. ஊரெல்லாம் புகழும் ஆசிரியருடைய வகுப்பறை வெறுமையாய்க் கிடப்பதை நாமும் கண்டிருக்கின்றோம். மேடைகளிலே முழங்கிவிட்டு வீட்டிலே சொந்த மாணாக்கருடைய கொப்பிகளைத் திருத்தாது விடுதல் தொண்டாகாது.

கோஹனுக்கு இக்குற்றம் பொருந்தாது. பிள்ளைகளுக்குக் கற்பித்தலும், ஓய்வுநாட் பிரசங்கமும், மணவினையும் இறுதிக் கிரியையும் ரபிக்குரிய அன்றாடப் பணிகள். அவற்றை விட்டு அவர் ஊர்ப்பணிக்குச் செல்லவில்லை. அவற்றினின்றே ஊர்ப்பணி வளர்ந்தது. நோயுற்ற சபையார் ஒருவரைக் காண மருத்துவமனைக்குச் செல்கின்றார்; அடுத்த கட்டிலிலே உற்றாரில்லாத மாலுமி ஒருவன் கிடக்கின்றான். அவனைக் காணாதவர்போற் கடந்து செல்வது எவ்வாறு? யூதருடைய தல்மூத் என்னும் பழைய நூலிலே இதற்கு விதியே உண்டு. சமாதானம் நிலவும்பொருட்டுத் தம்முள் வறியோரோடு பிறருள் வறியோரையும் தாங்கவேண்டும். பிறருள் நோயுற்றோரையும் சென்று காணவேண்டும். பிறருள் இறந்தோரையும் அடக்கஞ் செய்யவேண்டும் என்று அது கூறுகின்றது. ஆகவே அவர் மரபை மீறி வெளியே சென்றவரல்லர். மரபை முற்றாகக் கைக்கொண்டமையாலே வெளியே சென்றவர்.

சிறுபான்மையினராகிய யூதர்கள் ஊராருடைய நல்லெண்ணத்தைச் சம்பாதிப்பதற்கு இது நல்ல உபாயம் என்று கணக்குப் பார்ப்பாரும் உளர். அந்நன்மை விளைந்ததை மறுக்கவேண்டியதில்லை. ஆயினும், விளைந்த பயனை நோக்கமாகக் கூறுதல் வழுவாகும். மாமரம் நிழல் தருகின்றது. நிழலுக்காகவே அது காய்க்கின்றது என்று யாரும் சொல்வதில்லை.

இளைப்பாறிய பின்

1949 ஆம் ஆண்டிலே கோஹன் 86 வயதினராய்த் தம் பதவியை விட்டார். அமெரிக்கச் சபைகளிலே இங்ஙனம் இளைப்பாறுவோரை நம் பல்கலைக்கழகங்களிலே ‘தகைசார் பேராசிரியர்’ என்று வழங்குவதுபோலத் தகைசார் ரபி என்று வழங்குவர். பட்டம் நல்லதே. சபையார் அதற்கு முன்னரே, 1928 ஆம் ஆண்டில், அவர் பெயரால் ஒரு சமூக மண்டபத்தைக் கட்டியிருந்தனர். சிலை வைக்காமல் மக்கள் கூடும் மண்டபத்தைக் கட்டியமை அவரை அறிந்தோர் செய்த செயல். ஆனால் மண்டபமும் போதாது. சட்டைக்கையில் எழுதப்பட்டவற்றை நாளை யார் செய்வார்? 61 ஆண்டுகள் ஒருவரே எல்லாவற்றையும் செய்த இடத்திலே ஏனையோருக்குக் கை ஓய்ந்துவிடும் என்னும் அச்சம் உண்டு. பெரியவர் ஒருவரின் நிழலிலே சோம்பல் வளர்வது எளிது. ‘ரபி பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிப் பழகிய நாவுக்கு ‘நான் பார்த்துக்கொள்கின்றேன்’ என்று சொல்ல வருவதில்லை.

ஆதலால், இளைப்பாறும் ஆசானைப் போற்றும் முறையைப்பற்றி எமக்குத் தோன்றுவனவற்றைச் சொல்வோம். முதலாவது, அவருடைய தொண்டை உள்ளபடி எழுதிவைத்தல். வெற்றியோடு இயலாமையையும் எழுதல் வேண்டும். திருப்பியனுப்பப்பட்டவர்களை மறந்துவிட்டு இறங்கினவர்களை மட்டும் எண்ணினால், பின்வருவோர் எதனைத் திருத்தவேண்டும் என்பதை அறியமாட்டார்கள். இரண்டாவது, அவர் சுமந்த சுமையைப் பங்கிடுதல். ஒருவர் நோயாளரைக் காணட்டும். ஒருவர் புதிதாக வந்தோரை வரவேற்கட்டும். ஒருவர் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கட்டும். பொதுவாக ‘நாமனைவரும் தொடர்வோம்’ என்பது யாரும் தொடராமைக்கு நல்ல வழி.

மூன்றாவது, அடுத்து வருபவரை அளவுகோலால் அடிக்காதிருத்தல். பெரியார் ஒருவருக்குப் பின் அவ்விடத்திலே அமர்கின்றவனுடைய நிலை இரங்கத்தக்கது. அவன் எதைச் செய்யினும் ‘முன்னவர் இப்படிச் செய்யமாட்டார்’ என்னும் பேச்சு எழும். இது முன்னவருக்குச் செய்யும் மரியாதை போலத் தோன்றும். உண்மையிலே அவர் வளர்த்த பயிரை அவர் பெயராலேயே மிதிப்பதாகும். புதியவர் துவிச்சக்கரவண்டியில் ஏறவேண்டியதில்லை. அவர் தமக்குரிய வழியிலே வாசற்கதவைத் தட்டினாற் போதும்.

நான்காவது, இளைப்பாறியவரைத் தம்மிடையே வைத்திருத்தல். யூதர் மரபிலே இதற்கு அழகான கருத்தொன்று உண்டு. மோசே சினத்தால் உடைத்த முதற் கற்பலகைகளும், பின்னர்ப் பெற்ற முழுப் பலகைகளும் ஒரே உடன்படிக்கைப் பேழையினுள்ளே வைக்கப்பட்டிருந்தன என்பர். முதுமையால் கற்றதை மறந்துவிட்ட அறிஞரையும் அங்ஙனமே பேணவேண்டும் என்பதற்கு அதனை உவமையாக எடுத்துக்காட்டுவர். நினைவு தளர்ந்த ஆசான் உடைந்த பலகையாகலாம். எழுதிய விரல் ஒன்றே. பாராட்டு விழா முடிந்த மறுமாதமே அவருடைய வாசலை மறந்துவிடும் ஊரார், பேழையிலிருந்து பாதியை எடுத்து வெளியே எறிந்தவர்களாவர். கோஹன் இளைப்பாறியபின் மூன்றாண்டுகள் அவ்வூரிலேயே வாழ்ந்தார் என்பதை இங்கே நினைத்தல் தகும்.

யூதர்கள் நூலோதிய பின் சொல்லும் பிரார்த்தனை ஒன்று உண்டு. அது ஆசிரியர்களுக்காகவும், அவர்களுடைய மாணாக்கருக்காகவும், அம்மாணாக்கருடைய மாணாக்கருக்காகவும் நலம் வேண்டுவது. ஆசானை நினைக்கும்போது அவரோடு நின்றுவிடாமல் இரண்டு தலைமுறைக்கு அப்பாலும் பார்வையைச் செலுத்துகின்றது. ஒருவரைப் புகழ்தல் அவரோடு முடியும். அவருடைய தொண்டைப் பாதுகாத்தல் அவரை நேரிற் காணாத பிள்ளைக்கும் பயன்படும். கல்வெஸ்டனிலே இறங்கிய தச்சனுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்த இறங்குதுறையிலே நின்றவருடைய முகம் தெரியாது. அவர்கள் வாழும் ஊர் அவரால் வந்தது.

பொன்னாடையையும் வாழ்த்துப்பாவையும் விட்டுவிடுக என்று யாம் சொல்லவில்லை. பண்டிதர்களுடைய பிழைப்பிலே மண் போடுவது எமக்கும் நன்றன்று. மாலை சூட்டுவதற்கு முன்னர்க் கால் மணிநேரம் ஒதுக்குக. இளைப்பாறுபவர் இதுவரை செய்துவந்த பணிகளை ஒவ்வொன்றாக வாசிக்குக. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதனை ஏற்க எழுந்து நிற்பவருடைய பெயரை எழுதுக. எவரும் எழாத பணி ஏதேனும் இருந்தால், அதனையும் மறையாது சபையிலே சொல்லுக. அதன்பின்னர் மாலையைச் சூட்டுக. அம்மாலை அவருக்குப் பாரமாயிராது.